விற்க மாட்டோம் என்ற கம்பெனியில் நான் போட்ட கையெழுத்து

தங்கச் சுரங்கக் கம்பெனியில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு குண்டுமணித் தங்கத்தைக்கூட அங்கே நான் பார்த்தது கிடையாது. சுரங்கங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. துபாயில் இருப்பது ஆபீஸ் மட்டும், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் இருபத்தோராவது மாடியில். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கும். சிவப்பு மண்ணைப் படிப்படியாக வெட்டிய ஆழமான பள்ளம், அதன் அடியில் எறும்பு மாதிரி லாரிகள். வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் அவர்களுக்குக் காபி கொண்டுபோய் வைப்பேன். பான்ட்ரி வேலை எனக்கு. டீ, காபி போடுவது, கப் கழுவுவது, மீட்டிங் முடிந்ததும் மேஜையைத் துடைப்பது.

என் கணவர் இங்கேயே தேரா பஜாரில் ஒரு நகைக்கடையில் சேல்ஸ்மேன். தங்கத்தை நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பவர் அவர். அதனால் தங்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுகிற உரிமை அவருக்குத்தான் உண்டு. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். கூச்ச சுபாவம் வேறு. ஒருவரிடம் போய் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நாற்பது தடவை மனதுக்குள் பேசிப் பார்ப்பேன்.

ஆபீஸில் தமிழ் பேசுகிறவர் என்னைத் தவிர ஒருவர்தான் இருந்தார். சென்னைக்காரர். கம்பெனியின் கணக்குகளும், பங்குதாரர்களுக்குப் போகும் கடிதங்களும் அவர் பொறுப்பு. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். மகளுக்குத் தோடு வாங்க என் கணவரின் கடைக்கு வந்த இடத்தில், "எங்க ஆபீஸ்ல பான்ட்ரிக்கு ஆள் தேடறாங்க" என்று பேச்சுவாக்கில் சொல்லப் போய்த்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

சேர்ந்த முதல் வாரம் சார் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார்.

"அக்கா, மீட்டிங் ரூமுக்குள்ள போனா கண்ணு கப்புல இருக்கணும். காது இருக்கவே கூடாது. இங்க பேசறது எதுவும் வெளிய போச்சுன்னா பெரிய பிரச்சினை ஆயிடும்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ட்ரேயோடு உள்ளே நுழையும்போதே மனதுக்குள் ஆரம்பித்துவிடுவேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர் சர்க்கரை இல்லை, வழுக்கைத் தலைக்காரர் பால் இல்லை, சேர்மனுக்குக் கறுப்பு டீ, எலுமிச்சை ஒரு துண்டு. இப்படியே சொல்லிக்கொண்டு சுற்றி வந்தால் பேச்சு என் காதில் விழாது. ஏ.சி. ஓடுகிற சத்தம் மாதிரி அது பாட்டுக்கு ஓடும். எட்டு வருடத்தில் அந்த ரூமில் என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்டால், யார் எத்தனை சர்க்கரை என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கள் விசா, இன்ஷூரன்ஸ், லீவு எல்லாம் பார்க்கிறவர் ஒரு மலையாளி. தாளை எடுத்துக்கொண்டு நேரே பான்ட்ரிக்கு வருவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டியிருப்பார். "சேச்சி, மஞ்ச எவிடெயோ அவிடெ ஒரு ஒப்பு" என்பார். நான் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுப்பேன். என்ன தாள் என்று கேட்டதில்லை. கேட்டாலும் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன எழுத்தாக இருக்கும். இங்கே என்னைப் போன்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் போடுகிறோம்.

ஐந்து வருடம் முடித்தவர்களுக்கெல்லாம் கம்பெனி கொஞ்சம் பங்கு கொடுத்தது. டிரைவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. நானூறு பங்கு என்று என் பெயர் போட்ட கடிதம் ஒன்று வந்தது. என் கணவர் அன்று சாயங்காலமே அதை லேமினேஷன் செய்து பெட்டியில் பாஸ்போர்ட் நகலோடு வைத்தார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை.

போன கோடையில் ஆபீஸில் என்னமோ மாறியது. சின்ன மீட்டிங் ரூமின் கதவு எப்போதும் மூடியே இருந்தது. கோட்டுப் போட்ட வக்கீல்கள் காலையில் வந்து சாயங்காலம்தான் போனார்கள். காபித் தூள் ஒரு வாரத்தில் தீர்ந்தது. சேர்மன் டீயைப் பாதி பாதியாக விட்டுவிட்டுப் போனார். சார் என்னைப் பார்த்துச் சிரிப்பதை மறந்துவிட்டார்.

ஒரு நாள் எல்லோரையும் பெரிய ரூமுக்குக் கூப்பிட்டார்கள். பதினெட்டுப் பேர். நான் காபியோடு உள்ளே போனபோது சேர்மன் பேசிக்கொண்டிருந்தார். பிறகு சார் எழுந்து எதையோ விளக்கினார். நான் வழக்கம்போல சர்க்கரைக் கணக்குச் சொல்லியபடி கப்புகளை வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கைகள் உயர்ந்தன. முதலில் இரண்டு, அப்புறம் ஐந்தாறு, அப்புறம் எல்லோருடையதும். சேர்மன் திருப்தியாகத் தலையாட்டினார். நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்னொரு காபி யார் யாருக்கு என்று கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கைகளை எண்ணிக்கொண்டு பான்ட்ரிக்குப் போய் பதினெட்டுக் காபி போட்டு வந்தேன். எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஆனால் எடுத்துக்கொண்டார்கள். காபி வேண்டாமென்று அந்த ஆபீஸில் யாரும் சொல்வதில்லை.

நாலு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, தபாலோடு எனக்கு ஒரு தடித்த கவர் வந்தது. உள்ளே புத்தகம் மாதிரி ஒன்று, ஒரு ஃபாரம், முகவரி அச்சடித்த இன்னொரு கவர். ஃபாரத்தில் என் பெயரும் நானூறு என்ற எண்ணும் இருந்தன. கீழே ஒரு கட்டம். அதில் மஞ்சள் நிறம் அடித்து, பக்கத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது. கம்பெனித் தாள்தான், நம்முடைய மலையாளிக்கு வரச் சோம்பலாக இருந்திருக்கும், தபாலிலேயே அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டு, அந்தக் கவரில் வைத்து ஒட்டி, பதினோரு மணிக்கு வரும் கூரியர்காரரிடம் கொடுத்தேன். அவர் "யல்லா சிஸ்டர்" என்று அவசரமாக வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது என் கணவர் ஆரம்பித்தார். கடையில் கிடந்த ஆங்கிலப் பேப்பரில் பார்த்தாராம்.

"உங்க கம்பெனிய வேற ஒரு பெரிய கம்பெனி கேக்குதாமே?"

"என்னாத்த கேக்குது?"

"வெலைக்கு. உங்க ஆளுங்க குடுக்க மாட்டேங்கிறாங்களாம். அவன் விட மாட்டேங்கிறானாம்."

"ஓனரு மாட்டேன்னா எப்புடிங்க வாங்க முடியும்? உங்க கடைய யாராச்சும் வந்து கேட்டா, உங்க முதலாளி முடியாதுன்னுட்டா, முடிஞ்சு போச்சுல்ல?"

"அது ஒருத்தன் கடை. இது அப்புடி இல்ல. உங்க சேர்மன ஓனருன்னா நெனச்ச? பங்கு வச்சிருக்கிறவன் எல்லாம்தான் ஓனரு. நீயும் ஓனரு."

"நானா?"

"பின்ன? முதலாளியம்மா, அந்த ரசத்த இப்புடித் தள்ளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே மேலே சொன்னார்.

"சேர்மன் மாட்டேன்னுட்டாரா, சரின்னு அவன் நேரா பங்குக்காரங்களுக்கே கவர் அனுப்புறான். உள்ள ஒரு ஃபாரம் இருக்கும். எனக்குக் குடுக்குறேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா அவங்க பங்கு அவனுக்கு. பாதிக்கு மேல சேந்துருச்சுன்னா உங்க சேர்மன் கத கலாஸ், முடிஞ்சுது."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அந்த ஃபாரம் எப்புடி இருக்கும்?"

"எப்புடி இருக்கும்னா? ஃபாரம் மாதிரிதான் இருக்கும். ஏன், உனக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க வச்சிருக்க?"

"போட்டு அனுப்பிட்டேன். வியாழக்கெழம."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் ஒரு பெருமை மாதிரிதான் தெரிந்தது.

"நல்ல வெல குடுக்குறானாம். பரவால்ல. யார்ட்டயும் சொல்லாத. வாய மூடிக்கிட்டு டீயப் போடு."

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஆனால் மனசு மூடவில்லை. அந்தக் கைகள் இப்போதுதான் எனக்குப் புரிந்தன. கையெழுத்துப் போட மாட்டோம் என்று தூக்கிய கைகள் அவை. நான் அவற்றைக் காபிக் கணக்கில் எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை சார் பான்ட்ரிக்கு வந்தார். பல நாளாகச் சரியாகத் தூங்காத முகம். ஆனாலும் கொஞ்சம் உற்சாகமாக இருந்தார்.

"ஸ்ட்ராங்கா ஒரு காபி அக்கா. நாளைக்கு சாயங்காலம் பங்குதாரர் எல்லாருக்கும் லெட்டர் போகுது. ஏன் விக்கக் கூடாதுன்னு சேர்மன் எழுதற லெட்டர். அதுல நான் ஒரு வரி சேத்திருக்கேன். எங்க ஆபீஸ்ல பங்கு வச்சிருக்கற ஒருத்தர் கூட கையெழுத்துப் போடலன்னு. சேர்மனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"அது... நிச்சயமாத் தெரியுமா சார்?"

"எல்லாரும் கை தூக்கினாங்களே. நீங்க கூட இருந்தீங்களே ரூம்ல. ஒரு வார்த்த தப்பா இருந்தாலும் அவங்க வக்கீல் பிடிச்சுப்பாங்க. பொய் சொல்லிட்டாங்கன்னு பேப்பர்ல போடுவாங்க. அப்புறம் என் தலதான் போகும். அதனாலதான் ஒவ்வொரு வரியா செக் பண்றோம்."

கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கையெழுத்துப் போட்ட ஃபாரம் அந்த வக்கீல்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் அதை எடுத்துக் காட்டினால் போதும். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், எட்டு வருடம் அக்கா என்று கூப்பிட்டவர், என்னால் எல்லோர் முன்னாலும் பொய்யர் ஆகிவிடுவார். நாளை சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

அன்று இரண்டு தடவை அவர் அறை வாசல்வரை போனேன். முதல் தடவை போனில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை சும்மாதான் இருந்தார். "என்ன அக்கா?" என்றார். "கப் எடுக்க வந்தேன் சார்" என்று பாதி குடித்திருந்த கப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மெட்ரோவில் வரும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. அதற்கு அடுத்த வரி வரவே இல்லை.

பதினோரு மணிக்கு அவரே பான்ட்ரிக்கு வந்து தண்ணீர் பிடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சார், நான் போட்டுட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"அந்த ஃபாரத்துல. கையெழுத்து. மஞ்சளா இருந்துச்சு சார், போட்டுக் கூரியர்ல குடுத்துட்டேன்."

தண்ணீர் கிளாஸ் நிரம்பி அவர் கையில் வழிந்தது. குழாயை மூடினார்.

"மீட்டிங்ல சொன்னேனே அக்கா. நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"காபி குடுத்துக்கிட்டு இருந்தேன் சார். நீங்கதான காது இருக்கக் கூடாதுன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாக, "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில், எனக்குக் கவரில் வந்தது மாதிரி ஒரு தடித்த புத்தகத்தோடு திரும்பி வந்தார். கெடுவின் கடைசி நாள் வரைக்கும் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் போட்டிருக்கிறதாம். அதற்கு ஒரு தாள். பான்ட்ரியில் இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்கார வைத்து, நின்றபடியே அதை வரி வரியாகத் தமிழில் சொன்னார். இந்த ஊருக்கு வந்து ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு ஒருவர் படித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். போடட்டுமா?"

"அது உங்க இஷ்டம். எனக்காகப் போடாதீங்க."

"எது சார் சரி? குடுக்கறதா, குடுக்காம இருக்கறதா?"

"அத நான் சொல்லக் கூடாது அக்கா."

"மீட்டிங்ல சொன்னீங்களே."

"அது கம்பெனி சொன்னது. தனியா ஒருத்தர்கிட்ட நான் போடுங்க, போடாதீங்கன்னு சொன்னா தப்பு."

அவர்தான் சொன்னார், ஆனால் அவர் சொல்லக் கூடாது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்கு பதினெட்டுக் கை உயர்ந்ததல்லவா, அந்தப் பக்கமே நானும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன்.

"இனிமே நீங்க சொல்லாம எந்தத் தாள்லயும் போட மாட்டேன் சார்."

"சரி சரி" என்றார். அவர் மனசு அதற்குள் அந்த வரிக்குப் போய்விட்டது. வேகமாகச் சேர்மன் அறைக்கு நடந்தார்.

ஐந்து நிமிடத்தில் அங்கிருந்து டீ கேட்டு மணி அடித்தது. ட்ரேயை எடுத்துக்கொண்டு போனேன். அன்று சர்க்கரைக் கணக்கு என் வாயில் வரவில்லை. முதல் தடவையாகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆங்கிலம் எனக்குப் பாதி புரியும். மீதியை முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஊழியர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டார், அதனால் அந்த வரியை எடுத்துவிடலாம் என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யார்?" என்றார் சேர்மன்.

"அது வேண்டாமே" என்றார் சார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"டிரைவரா?"

சார் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். சேர்மன் சிரித்துவிட்டு, தன் பேனாவாலேயே அந்த வரியை அடித்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. கவலைப்படாதே, அடுத்த வாரம் வரைக்கும்தான் நாம் முடியாது என்று சொல்லப் போகிறோம். அவர்கள் விலையை ஏற்றிக்கொண்டு வருவார்கள். அப்போது சரி என்று சொல்லிவிடலாம்.

நான் டீயை வைத்தேன். கறுப்பு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தது எனக்கு வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது. சேர்மன் அன்று முழுக் கப்பையும் குடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் கடிதம் போயிற்று. மேஜையில் கிடந்த ஒரு பிரதியைப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், இந்தக் கம்பெனி விற்பனைக்கு இல்லை என்று இருந்தது. அதைப் படிக்க எனக்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் என்ன அர்த்தம் என்று கேட்க ஆள் வேண்டியிருந்தது. சாரிடம் கேட்க முடியாது. அந்த அறையில் அவரும்தான் இருந்தார். அவர் முன்பே அறிந்துதான் என்னைத் திரும்ப வாங்க வைத்தாரா? இல்லை அவருக்கும் அப்போதுதான் தெரியுமா? வீட்டில் என் கணவரிடம் கேட்டேன், சேர்மன் பேச்சைச் சொல்லாமல், பொதுவாகக் கேட்கிற மாதிரி.

"முடியாது முடியாதுன்னு சொல்றவங்க அப்பறம் சரின்னு சொல்லுவாங்களா?"

"நான் ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்றேன், இதுக்குக் கீழ செய்கூலி கொறைக்க முடியாது மேடம்னு? அதுக்குன்னு முடியாதுன்னா அர்த்தம்? அந்தம்மா எந்திரிச்சு வாசல் வரைக்கும் போவாங்க. ஒக்காருங்க மேடம்னு கூப்புடுவேன். ரெண்டு பேருக்கும் தெரியும் அது."

"அப்ப நடுவுல நிக்கிறவங்களுக்கு?"

"நடுவுல யாரு நிக்கிறா?"

நான் அடுப்படிக்குப் போனேன்.

அடுத்த வாரம் சேர்மன் சொன்னபடியே நடந்தது. விலை ஏறியது. டைரக்டர்கள் எல்லோரும் கூடி, இது நல்ல விலை, எல்லோரும் கொடுத்துவிடுங்கள் என்று புதுக் கடிதம் எழுதினார்கள். இரண்டு கம்பெனியும் ஒன்றாகி இன்னும் பெரிய கம்பெனி ஆகப் போகிறது என்றார்கள். எதிரிக் கம்பெனிக்காரர்கள் ஆபீஸுக்கே வந்தார்கள். மூன்று பேர். இத்தனை நாள் இவ்வளவு பேரைத் தூங்கவிடாமல் செய்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பான்ட்ரி வாசலில் நின்று பார்த்தேன். அதில் ஒருவர் என்னிடம் நேரே வந்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார். சேர்மன் அவர் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். நான் கேக் வெட்டித் தட்டுகளில் வைத்தேன்.

எனக்கும் புதுக் கவர் வந்தது. அதே அளவு, அதே மாதிரிக் கட்டம், அதே மஞ்சள். எங்கள் மலையாளி பான்ட்ரியில் எட்டிப் பார்த்து, "சேச்சி, எல்லாரும் ஒப்பிட்டாச்சு. சேச்சி?" என்று கேட்டார். அப்புறம் போடுகிறேன் என்றேன். சார் சொல்வார், வரி வரியாகப் படித்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். கவரை டிஷ்யூ பெட்டிகளுக்குக் கீழே அலமாரியில் வைத்தேன்.

சார் வரவில்லை. அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. இரண்டு கம்பெனி ஒன்றாகும்போது கணக்குப் பார்க்கிற ஆபீஸ் இரண்டு தேவையில்லையாம். அவர்களுடையது வேறு நாட்டில் இருந்தது. அது போதும் என்று முடிவு செய்தார்கள். துபாயில் ஆறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மீதிப் பேரை அனுப்பினார்கள். டிரைவர் போனார். சாருக்கும் கடிதம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கிறது, விசா முடிவதற்குள் வேறு வேலை தேட வேண்டும். என்னை மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆறு பேருக்கும் காபி வேண்டும் போலிருக்கிறது.

கடைசி நாள் மதியம் சார் பான்ட்ரிக்கு வந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். அன்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க பங்குக்குப் பணம் வந்துடுச்சா?"

"இல்ல சார். ஃபாரம் அப்புடியே இருக்கு."

"ஏன், போடலையா?"

"நீங்க சொல்லலையே சார்."

கப்பை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"நான் சொல்லணும்னா இருந்தீங்க?"

"அன்னிக்குச் சொன்னேன்ல சார், நீங்க சொல்லாம போட மாட்டேன்னு."

அவர் கப்பைக் கீழே வைத்தார்.

"நான் போட்டுட்டேன் அக்கா. மொத நாளே."

"பரவால்ல சார்."

"அன்னிக்கு சேர்மன் ரூம்ல... நீங்க கேட்டீங்க, இல்ல?"

"கேட்டேன் சார்."

"எனக்கும் அப்பதான் தெரியும். அந்த வரிய எழுதினப்ப சத்தியமா எனக்குத் தெரியாது."

நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன். வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தது. அப்புறம் மறுபடி நம்பினேன். அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"இப்ப என்ன சார் செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நூத்துல தொண்ணூறு பேர் குடுத்தாச்சு. அவ்வளவு பேர் குடுத்துட்டா, மிச்சம் இருக்கறவங்களோடத அவங்களே எடுத்துக்கலாம். சட்டம் இருக்கு. பணம் தானா வந்துடும்."

"நான் வேணாம்னாலுமா?"

"வேணாம்னாலும்."

"கையெழுத்து?"

"தேவையில்ல."

"அப்ப நான் மொதல்ல போட்டது, அப்பறம் அத வேணாம்னு போட்டது, இப்பப் போடாம வச்சிருக்கறது..."

"எல்லாம் ஒண்ணுதான் அக்கா" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். என்ன வேடிக்கை என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

அவருடைய சாமான் ஒரே ஒரு அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டது. வெளிக் கதவுவரை கூடப் போனேன். அவருடைய கார்டு மதியத்தோடு வேலை செய்யாமல் போயிருந்தது. இரண்டு தடவை வைத்துப் பார்த்தார், சிவப்பு விளக்குதான் வந்தது. என் கார்டை வைத்துக் கதவைத் திறந்துவிட்டேன். "போயிட்டு வாங்க சார்" என்றேன். திரும்ப வர மாட்டார் என்று தெரிந்தும் வாயில் அதுதான் வந்தது.

மூன்று வாரம் கழித்து என் கணக்கில் பணம் வந்தது. என் கணவர் போனில் அந்த மெசேஜை இரண்டு தடவை படித்தார். "போட்டிருந்தாலும் இதே பணம்தான், போடாட்டியும் இதே பணம்தான். இதுக்கா இத்தன யோசன?" என்றார். சரிதான். சாருக்குப் போன் செய்து வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இதைச் சொன்னால் வேலை கிடைத்ததா என்று கேட்க வேண்டும். கிடைக்கவில்லை என்று சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் பேசிப் பேசிப் பார்க்கிறேன். இதுவரைக்கும் போன் செய்யவில்லை.